தீவுக்கு வந்த பேராயர்

பினாங்கு மாநிலத்தின் தலைநகரான ஜார்ஜ்டவுனில், லெபோ ஃபார்குவார் சாலையோரம் வெண்ணிறத் தேவாலயம் ஒன்று உள்ளது. முகப்பில் கிரேக்கக் கோயில்களை நினைவூட்டும் பருத்த தூண்கள், உச்சியில் கூர்மையான கோபுரம், சுற்றிலும் பசும்புல்வெளி. இதுவே புனித ஜார்ஜ் தேவாலயம். இங்கிருந்து தொடங்கும் ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங் சாலையில் சிறிது தூரம் நடந்தால் சீனர்களின் குவான் யின் கோயிலையும், அதனைக் கடந்து தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும் காணலாம். அருகிலுள்ள குயின் சாலையில் மகாமாரியம்மன் கோயில் அமைந்துள்ளது. பல சமயத்தாரும் அண்டை அயலாராக வாழ்ந்துவரும் இப்பகுதியை ‘நல்லிணக்கச் சாலை’ என்று மக்கள் அழைக்கின்றனர்.

புனித ஜார்ஜ் தேவாலயம் தென்கிழக்காசியாவின் மிகப் பழைமையான ஆங்கிலிக்கன் தேவாலயமாகப் போற்றப்படுகிறது. 1819ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், கல்கத்தாவின் பேராயர் தாமஸ் ஃபான்ஷா மிடில்டன் இதனை இறைவனுக்கு அர்ப்பணித்துத் திறந்துவைத்தார். வங்காளத்தில் இருந்த ஒருவர் இந்தச் சிறிய தீவுக்கு ஏன் வர வேண்டியிருந்தது? அவருடைய பணி எதை நிறைவேற்றியது? எதை நிறைவேற்றாமல் விட்டது? இவ்வினாக்களுக்கான விடை, ஒரு மனிதரின் வாழ்க்கையை மட்டுமன்றி, தீவு மக்களின் நீண்ட காத்திருப்பையும் எடுத்துரைக்கிறது.

பேராயர் என்பவர் யார்?

இங்கிலாந்துத் திருச்சபையின் மரபில் வந்த கிறிஸ்தவர்களை ஆங்கிலிக்கன் சபையினர் என்பர். ஓர் ஊரில் உள்ள தேவாலயத்தைக் குருவானவர் ஒருவர் கவனித்துக்கொள்வார். இத்தகைய பல ஊர்கள் சேர்ந்த பரப்பு திருமண்டலம் எனப்படும். அதற்குத் தலைமை வகிப்பவரே பேராயர்.

வழிபாடு நடத்துதல், திருமணம் செய்துவைத்தல், இறந்தோரை அடக்கம் செய்தல் போன்றவற்றைக் குருவானவரே செய்யலாம். ஆயினும், மூன்று பணிகளைப் பேராயர் மட்டுமே செய்ய இயலும். புதிய தேவாலயத்தை முறைப்படி அர்ப்பணிப்பது முதலாவது. வளர்ந்த பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக உறுதிப்படுத்துவது இரண்டாவது. புதியவர்களுக்குக் குருப்பட்டம் வழங்குவது மூன்றாவது. ஆகவே, பேராயர் இல்லாத தீவில் தேவாலயம் கட்டலாம். அதனை அர்ப்பணிக்க இயலாது. படித்த இளைஞர் இருக்கலாம். அவர் குருவானவராக இயலாது. பேராயரின் வருகைக்காக மக்கள் காத்திருக்க வேண்டும் அல்லது பேராயர் இருக்கும் இடத்துக்குக் கடல் கடந்து செல்ல வேண்டும்.

இங்கிலாந்திலிருந்து கல்கத்தா வரை

மிடில்டன் 1769ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டார்பிஷயர் வட்டாரத்தைச் சேர்ந்த கெடில்ஸ்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தையும் குருவானவரே. இலண்டனில் ‘கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல்’ என்ற பெயர்பெற்ற பள்ளியில் அவர் பயின்றார். பிற்காலத்தில் புகழ்பெற்ற கவிஞரான கோல்ரிட்ஜ் அப்பள்ளியில் அவருக்கு இளையவராகப் படித்தார். பின்னர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற மிடில்டன், குருவானவராகப் பணியாற்றிக்கொண்டே கிரேக்க மொழியை ஆழ்ந்து ஆராய்ந்தார். 1808ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய கிரேக்க இலக்கண நூல் அறிஞர்களிடையே அவருக்கு நற்பெயரைத் தேடித் தந்தது.

அக்காலத்தில் இந்தியாவின் பெரும்பகுதியும் பினாங்கும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இருந்தன. 1813ஆம் ஆண்டு இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அப்பகுதிகளுக்கெனப் பேராயர் ஒருவரை நியமிக்க வழிவகுத்தது. மிடில்டன் முதல் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்திய மக்கள் இதனைத் தங்கள் சமயங்களின்மீது தொடுக்கப்படும் தாக்குதலாகக் கருதுவார்களோ என்று கம்பெனியைச் சேர்ந்த பலர் அஞ்சினர். ஆகையால், 1814ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் நடந்த அவருடைய பதவியேற்புச் சடங்கு ஆரவாரமின்றி நடைபெற்றது. அடுத்த மாதம் கப்பலேறிய அவர், ஏறத்தாழ ஆறு மாதக் கடற்பயணத்துக்குப் பின் நவம்பர் இறுதியில் கல்கத்தாவை வந்தடைந்தார். அப்போது அவருக்கு வயது 45.

அவரிடம் ஒப்படைக்கப்பட்ட திருமண்டலம் மிகப் பரந்தது. வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மாகாணங்களோடு பினாங்கும் அதில் அடங்கியது; பின்னர் இலங்கையும் அதனுடன் சேர்க்கப்பட்டது. நீராவிக் கப்பல்கள் அப்போது இக்கடல்களில் ஓடத் தொடங்கவில்லை. பாய்மரக் கப்பல்கள் காற்றை நம்பியே சென்றன. ஓர் ஊருக்குச் சென்று திரும்பப் பல மாதங்கள் ஆகும். இந்நிலையிலும் மிடில்டன் பயணத்தைத் தவிர்க்கவில்லை. 1816ஆம் ஆண்டு சனவரி மாதம் அவர் சென்னையில் ஒரு தேவாலயத்தை அர்ப்பணித்தார். அதன் பெயரும் புனித ஜார்ஜ் தேவாலயமே. அங்கிருந்து தமிழ்நாட்டின் தென்பகுதி வழியாகச் சென்றபோது, தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னரைச் சந்தித்தார். சரபோஜி இளமையில் சுவார்ட்ஸ் என்னும் ஜெர்மானிய சமயப் பணியாளரின் பாதுகாப்பில் வளர்ந்தவர். மிடில்டனின் பயணம் இலங்கை வரை நீண்டது.

கைதிகள் கட்டிய தேவாலயம்

பினாங்கில் பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு கம்பெனியின் கொடியை ஏற்றினார். சில ஆண்டுகளிலேயே தீவு பரபரப்பான துறைமுகமாயிற்று. மலாய்க்காரர், சீனர், தமிழ் முஸ்லிம் வணிகர், தமிழ்த் தொழிலாளர், ஐரோப்பியர், ஆர்மீனியர் எனப் பலரும் இங்குக் குடியேறினர். கம்பெனி இத்தீவை நாடு கடத்தப்பட்டோரின் இருப்பிடமாகவும் பயன்படுத்தியது. மருது சகோதரர்களோடு சேர்ந்து கம்பெனியை எதிர்த்துப் போரிட்டவர்கள் பலர் 1802ஆம் ஆண்டு சிவகங்கைச் சீமை முதலிய பகுதிகளிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். இவர்களைத் தவிர, குற்றத் தண்டனை பெற்ற இந்தியக் கைதிகளும் இங்கு அனுப்பப்பட்டுச் சாலை அமைத்தல், சதுப்பு நிலத்தைத் திருத்துதல், கட்டடம் கட்டுதல் போன்ற கடும் வேலைகளில் ஈடுபடுத்தப்பட்டனர்.

தொடக்கத்தில் ஆங்கிலிக்கன் சபையினருக்குத் தனித் தேவாலயம் இல்லை. கார்ன்வாலிஸ் கோட்டையிலும், பின்னர் நீதிமன்றக் கட்டடத்திலும் வழிபாடுகள் நடைபெற்றன. இந்நிலையை மாற்ற முயன்றவர் குருவானவர் இராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ். மலாய் மொழியைக் கற்ற அவர், மலாய் விவிலியத்தைத் திருத்தும் பணியிலும் ஈடுபட்டார். 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவர் தொடங்கிய பினாங்கு ஃபிரி பள்ளி இன்றும் இயங்கிவருகிறது. இன வேறுபாடும் சமய வேறுபாடும் பாராமல் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளி என்பதே அப்பெயரின் பொருள்.

தேவாலயத்தைக் கட்டும் பொறுப்பு இராணுவப் பொறியாளர் கேப்டன் இராபர்ட் ஸ்மித்திடம் ஒப்படைக்கப்பட்டது. கல்லும் மண்ணும் சுமந்தவர்கள், செங்கல் அடுக்கியவர்கள், சுண்ணாம்பு பூசியவர்கள் கைதிகளே. 1818ஆம் ஆண்டில் கட்டடம் நிறைவெய்தியது. அதன் கூரை அப்போது தட்டையாக இருந்தது. பினாங்கின் கனமழைக்கு அது ஒத்துவராததால், 1864ஆம் ஆண்டு சாய்வான கூரையாக மாற்றப்பட்டது.

கட்டடம் எழும்பிய பின்னும் ஒரு குறை இருந்தது. அதனை அர்ப்பணிக்கப் பேராயர் வர வேண்டும். அடுத்த ஆண்டு மிடில்டன் கல்கத்தாவிலிருந்து மேற்கொண்ட நெடும்பயணத்தின்போது பினாங்குக்கு வந்தார். மே 11ஆம் நாள் அர்ப்பணிப்புச் சடங்கு நிறைவேறியது. பொறியாளரின் பெயரும், குருவானவரின் பெயரும், பேராயரின் பெயரும் வரலாற்றில் பதிவாகியுள்ளன. கட்டிய கைதிகளோ, ‘கைதிகள்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டனர்.

தடையாக நின்ற சட்டம்

தேவாலயத்தை அர்ப்பணிப்பது பேராயருக்கு ஒரு நாள் பணி. மூன்றாவது பணியான குருப்பட்டம் வழங்குவது அவ்வளவு எளிதாக அமையவில்லை.

ஆங்கிலேயக் குருவானவர்கள் எண்ணிக்கையில் மிகச் சிலர். அவர்களும் பெரும்பாலும் கம்பெனி அதிகாரிகளுக்காகவும் படைவீரர்களுக்காகவும் அனுப்பப்பட்டவர்கள். தமிழ் பேசும் கிறிஸ்தவர்களுக்குத் தமிழ் பேசும் குருவானவர் தேவை என்பது வெளிப்படை. அது இயலாத காரியமுமன்று. தரங்கம்பாடியில் லுத்தரன் சபையினர் 1733ஆம் ஆண்டிலேயே ஆரோன் என்ற தமிழருக்குக் குருப்பட்டம் வழங்கியிருந்தனர். தஞ்சாவூரில் சுவார்ட்ஸும் 1790ஆம் ஆண்டு சத்தியநாதன் என்ற தமிழருக்கு அப்பட்டத்தை வழங்கினார்.

ஆனால், ஆங்கிலிக்கன் சபையில் மிடில்டனின் கைகள் கட்டப்பட்டிருந்தன. அவருடைய அதிகாரம் அரசர் வழங்கிய ஆணைப் பத்திரத்திலிருந்து வந்தது. இந்நாட்டு மக்களுக்குக் குருப்பட்டம் வழங்க அந்த ஆணை தமக்கு இடந்தரவில்லை என்று அவர் கருதினார். சட்டத்தின் எழுத்தை மீற அவர் விரும்பவில்லை. இங்கிலாந்திலிருந்து தெளிவான அனுமதி வரட்டும் எனக் காத்திருந்தார்.

அவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தது பொறுப்புணர்ச்சி என்று சிலர் கூறலாம். தகுதியுள்ளவர்கள் கண்முன்னே இருக்க, ஒரு பத்திரத்தின் சொற்களுக்காக ஆண்டுக்கணக்கில் அவர்களைக் காக்க வைத்தது முறையன்று என்று வேறு சிலர் கூறலாம். இரண்டு கருத்துக்கும் இடமுண்டு. ஆனால், மிடில்டன் இத்தேவையை உணராதவர் அல்லர். 1820ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கல்கத்தாவுக்கு அருகே ‘பேராயர் கல்லூரி’ என்ற கல்விக்கூடத்துக்கு அவர் அடிக்கல் நாட்டினார். இந்நாட்டு இளைஞர்களைப் போதகர்களாகவும் ஆசிரியர்களாகவும் பயிற்றுவிப்பதும், சமய நூல்களை இந்நாட்டு மொழிகளில் பெயர்ப்பதும் அக்கல்லூரியின் நோக்கங்கள். கதவு திறக்கும் நாளுக்காக மாணவர்களை ஆயத்தம் செய்ய அவர் விரும்பினார்.

அந்நாளைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. கல்கத்தாவின் கடும் வெயிலில் வெளியே சென்றபின் நோயுற்ற அவர், 1822ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் மறைந்தார். மறு ஆண்டே நாடாளுமன்றம் புதிய சட்டத்தை இயற்றித் தடையை நீக்கியது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்

மிடில்டனுக்குப் பின் ரெஜினால்டு ஹீபர் பேராயரானார். 1824ஆம் ஆண்டு அவரிடம் குருப்பட்டம் பெறுவதற்காகத் தமிழர் ஒருவர் கல்கத்தாவுக்குக் கடற்பயணம் மேற்கொண்டார். அவர் பெயர் கிறிஸ்டியன் டேவிட். தஞ்சைப் பகுதியில் பிறந்து சுவார்ட்ஸிடம் கல்வி கற்றவர். 1801ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்தில் சமயப் பணியும் கல்விப் பணியும் ஆற்றிவந்தவர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு குருவானவரின் பொறுப்புகளைச் சுமந்தும், பட்டம் மட்டும் பெறாதவர். பினாங்கிலுள்ளோர் பேராயரின் வருகைக்காகக் காத்திருந்தனர். யாழ்ப்பாணத்துத் தமிழரோ பேராயரைத் தேடிச் சென்றார். ஆங்கிலிக்கன் சபையின் குருவானவராக அவர் திரும்பியபோது, மிடில்டன் காலத்தில் மூடியிருந்த கதவு திறந்துவிட்டது.

ஆயினும், பேராயர் பதவி நெடுங்காலம் ஐரோப்பியர்களிடமே இருந்தது. 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள்தான் இந்தியர் ஒருவர் முதன்முதலாக ஆங்கிலிக்கன் பேராயரானார். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் பிறந்த வே. சா. அசரியா என்னும் தமிழரே அவர். மிடில்டன் பணியாற்றிய அதே கல்கத்தாவில் அவருக்கு அப்பதவி வழங்கப்பட்டது.

தலைவர்கள் சென்ற பின்

பினாங்கின் நிலையும் காலப்போக்கில் மாறியது. 1869ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்றங்கள் கல்கத்தாத் திருமண்டலத்திலிருந்து பிரிக்கப்பட்டு, போர்னியோவின் லாபுவான் தீவைச் சார்ந்த திருமண்டலத்துடன் இணைக்கப்பட்டன. 1909ஆம் ஆண்டு சிங்கப்பூர் தனித் திருமண்டலமாயிற்று. பினாங்கும் அதன் கீழ் வந்தது. தீவு மக்களுக்கும் பேராயருக்கும் இடையே இருந்த தூரம் சிறிது சிறிதாகக் குறைந்தது. எனினும், தலைமைப் பொறுப்பு வெளிநாட்டவரிடமே இருந்தது.

இரண்டாம் உலகப்போர் அந்த நம்பிக்கையை உலுக்கியது. 1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மீது குண்டு பொழிந்தன. புனித ஜார்ஜ் தேவாலயமும் சேதமடைந்தது; பின்னர் கொள்ளையடிக்கப்பட்டது. ஆங்கிலேயர்கள் இரவோடு இரவாகத் தீவைவிட்டு வெளியேறினர். ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர். அந்நேரத்தில் நகரின் பொறுப்பை ஏற்றவர்கள் உள்ளூர் மக்களே. நாளிதழ் ஆசிரியரான இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். தீவு பாதுகாப்பற்ற நிலையில் உள்ளது என்பதை வானொலிவழி ஜப்பானியருக்கு அறிவித்து, மேலும் குண்டுவீச்சு நிகழாமல் தடுக்க முயன்றார்.

சிங்கப்பூரிலும் இதே நிலை உருவாயிற்று. அங்கிருந்த பேராயர் லெனார்டு வில்சன் 1943ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சிறைவைக்கப்பட்டார். பிறகு கடும் சித்திரவதைக்கும் ஆளானார். சிறை செல்லுமுன் சபையின் பொறுப்பை அவர் டி. டி. செல்லையா என்னும் தமிழ்க் குருவானவரிடம் ஒப்படைத்தார். உணவுத் தட்டுப்பாடும் அச்சமும் சூழ்ந்த அந்நாள்களில் செல்லையாவும் பிற ஆசியக் குருவானவர்களும் வழிபாடுகளை நிறுத்தாமல் நடத்தி, மக்களுக்கு ஆறுதலாக விளங்கினர். தலைமை ஏற்கும் தகுதி உள்ளூர் மக்களுக்கு உண்டா என்ற கேள்விக்குப் போர்க்காலம் விடை அளித்தது.

மண்ணின் மைந்தர்

1966ஆம் ஆண்டு சிங்கப்பூர், மலாயாத் திருமண்டலத்துக்கு ஆசியர் ஒருவர் முதன்முறையாகப் பேராயரானார். அவர் பெயர் சியூ பான் இட். 1918ஆம் ஆண்டு பினாங்கிலேயே பிறந்த சீனர் அவர். ஹட்சிங்ஸ் தொடங்கிய பினாங்கு ஃபிரி பள்ளியில் பயின்றவர். இலண்டனில் சட்டம் படித்துப் பின்னர் சமயப் பணியைத் தேர்ந்துகொண்டவர். மிடில்டன் பினாங்குக்கு வந்து 147 ஆண்டுகள் கழிந்த பின், பினாங்கு தன் பிள்ளை ஒருவரைப் பேராயராகக் கண்டது. 1970ஆம் ஆண்டு மேற்கு மலேசியா தனித் திருமண்டலமாகியது. 1973ஆம் ஆண்டு அதன் பேராயர் பொறுப்பை ஏற்றவர் ஜான் சவரிமுத்து என்னும் தமிழர். அவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பொறுப்பில் இருந்தார்.

புனித ஜார்ஜ் தேவாலயம் போருக்குப் பின் பழுதுபார்க்கப்பட்டு, 2007ஆம் ஆண்டு நாட்டின் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு சூலை மாதம் ஜார்ஜ்டவுன் நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளங்களின் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றுப்பயணிகள் தேவாலயத்தின் தூண்களையும் கோபுரத்தையும் கண்டு வியக்கின்றனர். பெயர் தெரியாத கைதிகள் சில ஆண்டுகளில் அக்கட்டடத்தை எழுப்பிவிட்டனர். பேராயர் ஒரே நாளில் அதனை அர்ப்பணித்துவிட்டார். அத்தேவாலயத்துக்கு வருவோரின் மொழியையும் வாழ்க்கையையும் அறிந்த ஒருவரிடம் தலைமைப் பொறுப்பை ஒப்படைக்கவோ ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது. கட்டடத்தை எழுப்புவதினும் மனிதர்மீது நம்பிக்கை வைப்பது கடினமான பணி என்பதற்கு ஜார்ஜ்டவுனின் இந்த வெண்ணிறத் தேவாலயம் சான்றாக நிற்கிறது.